ஒளிவாளுக்கு எந்த எல்ஈடி, எந்தப் பற்றரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஒளிவாள், அதாவது 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வருவது மாதிரி பிடிக்கு மேல் ஒளிரும் குழாய் கொண்ட வாள், செய்ய ஆசைப்படுகிறவர்களில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகளும் உண்டு, பிள்ளைக்குச் செய்கிறேன் என்று சொல்லித் தனக்கே செய்துகொள்ளும் அப்பாக்களும் உண்டு. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. வெள்ளவத்தையில் கேட்டதையே அடுத்த கிழமை கொட்டாஞ்சேனையில் கேட்கிறார்கள். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மேலிருந்து வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

அண்ணா, முதல்ல எதை வாங்கிறது? எல்ஈடியா, பற்றரியா?

பற்றரி. எல்லோரும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். படம் பார்த்து ஆகப் பிரகாசமான எல்ஈடியை வரவழைத்துவிட்டு, அதற்குக் கறண்ட் கொடுக்கும் பற்றரி கைப்பிடிக்குள் போகாது என்று பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் பிடியின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 18650 என்ற லித்தியம் அயன் செல் 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்டது, பெயரிலேயே அளவு இருக்கிறது. பாதுகாப்புச் சுற்று (ஷார்ட் ஆனால் கறண்டை நிறுத்தும் சின்னத் தட்டு) சேர்ந்த செல் என்றால் சில மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். அதற்குப் பக்கத்தில் வயர், சுவிச், சத்தம் வேண்டுமென்றால் ஸ்பீக்கர், எல்லாம் அடங்க வேண்டும்.

ஒளிவாள் எவ்வளவு பிரகாசம் என்பதை எல்ஈடியின் பெயர் தீர்மானிப்பதில்லை. அதற்குள் நிலையாக எவ்வளவு கறண்ட் போகிறது, உண்டாகும் சூடு எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. இந்தப் பக்கம் முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

சாதாரண சின்ன எல்ஈடி பத்தைச் சேர்த்து வச்சா காணாதா?

காணாது. 5 மி.மீ. எல்ஈடி ஒன்று 20 மில்லியம்பியரில் ஓடுகிறது. 3 வோல்ட்டோடு பெருக்கினால் 0.06 வாட். பத்தைச் சேர்த்தாலும் 0.6 வாட்தான். உலோகத் தட்டில் ஒட்டிய ஒரு உயர்சக்தி எல்ஈடிக்கு 1 அம்பியர் கொடுத்தால் 3 வாட்டுக்கு மேல் போகும். அதோடு பத்து எல்ஈடியின் வெளிச்சத்தை ஒரு அங்குலக் குழாய்க்குள் நேராக அனுப்புவது தலைவலி. ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்துக்கு ஒரு லென்ஸ் போதும்.

பிடிக்குள்ள ஒரு எல்ஈடி வைக்கிறதா, குழாய் முழுக்க பிக்சல் ஸ்ட்ரிப் போடுறதா?

முதல் வாள் என்றால் பிடிக்குள் ஒரு எல்ஈடி. அடித்து விளையாடலாம், குழாய் உடைந்தால் புதுக் குழாயைச் செருகிவிட்டுப் போகலாம். அடிப்பக்கம் பிரகாசமாகவும் நுனி கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும், அதை முற்றாக ஒழிக்க முடியாது.

பிக்சல் என்பது குழாய்க்குள் மேலிருந்து கீழ்வரை எல்ஈடி நாடா. வாள் அடியிலிருந்து எழும்பி நீள்வது, அடிபட்ட இடத்தில் மட்டும் வெள்ளையாக வெடிப்பது எல்லாம் இதில்தான் முடியும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கறண்டை உறிஞ்சித் தள்ளும், பிடிக்குள் கட்டுப்பாட்டு போர்ட் ஒன்றும் வேண்டும், ஓங்கி அடித்தால் உள்ளே நாடாவின் சோல்டர் விட்டுப்போகும். மேடைக்கும் படம் எடுக்கவும் பிக்சல், சண்டைக்குப் பிடிக்குள் எல்ஈடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் '3 வாட்' எண்டு தந்தார். நம்பலாமா?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் '3 வாட்' என்று கேட்டால் 'மணி எல்ஈடி' என்கிற, மணி மாதிரிச் சின்னதான, கம்பனிப் பெயரில்லாத எல்ஈடி ஒன்று கிடைக்கும். அது ஒளிரும், பொய்யில்லை. ஆனால் வாட் என்பது உள்ளே போகும் மின்சாரத்தின் அளவு, வெளியே வரும் வெளிச்சத்தின் அளவு அல்ல. கேட்க வேண்டியவை வேறு: அதிகபட்சம் எத்தனை அம்பியர் தாங்கும், அந்தக் கறண்டில் எத்தனை வோல்ட் எடுக்கும், எத்தனை லூமன் (வெளியே வரும் வெளிச்சத்தின் அளவு), நிறத்தின் அலைநீளம் எத்தனை நானோமீட்டர். கிரீ நிறுவனத்தின் எக்ஸ்பி-ஈ2 போன்றவற்றுக்கு இந்த விவரம் முழுக்க அச்சில் இருக்கிறது. அதன் நிற எல்ஈடிகள் 1 அம்பியர் வரை தாங்கும். ஒரே தட்டில் அப்படி மூன்றை ஒட்டியும் விற்கிறார்கள்.

மணி எல்ஈடிதான் கையில் இருக்கிறதென்றால் 350 மில்லியம்பியரில் தொடங்குங்கள். இன்னொன்று, சில மணி எல்ஈடிகளின் அடியிலுள்ள உலோகம் நேர் முனையோடு தொடுப்பில் இருக்கும். அலுமினியப் பிடியில் வைக்குமுன் மல்டிமீட்டரால் தொட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் பிடி முழுக்கவே மின்முனை ஆகிவிடும்.

ஒரே கறண்ட்தான் குடுத்தனான். என்ர நீலம் ஏன் அவன்ர பச்சையை விட மங்கல்?

எல்ஈடியில் பிழையில்லை, கண்ணின் இயல்பு அப்படி. வெளிச்சத்தில் மனிதக் கண் ஆகக் கூடுதலாக உணர்வது 555 நானோமீட்டர் பக்கத்துப் பச்சையை. 450 சுமாருக்கு வரும் ரோயல் புளூ கண்ணுக்கு மிகக் குறைவாகவே தெரியும். படத்தில் வரும் ஆழ்ந்த நீலம் வேண்டுமென்று ரோயல் புளூ வாங்குகிறவர்கள் இருட்டறையில் மகிழ்ச்சியாக இருப்பார்கள், காலிமுகத்திடலில் மாலை வெளிச்சத்தில் ஏமாந்துபோவார்கள். 470 சுமாருக்கு வரும் நீலம் நல்ல சமரசம்.

சிவப்புக்கு வேறு குணம். சூடேறினால் சிவப்பும் மஞ்சளும் நீலத்தைவிட வேகமாக வெளிச்சம் இழக்கும். கொளுத்திய முதல் நிமிடம் அட்டகாசமாக இருந்து பிறகு சோர்ந்துபோகிறது என்றால் பற்றரியைத் திட்டுமுன் பிடியைத் தொட்டுப் பாருங்கள்.

ரெசிஸ்டர் கணக்கை ஒருக்கா சொல்லித் தாங்கோ.

எல்ஈடிக்குள் போகும் கறண்டை மட்டுப்படுத்தத்தான் ரெசிஸ்டர். பற்றரி வோல்ட்டிலிருந்து எல்ஈடி வோல்ட்டைக் கழித்து, வேண்டிய அம்பியரால் பிரித்தால் ஓம் வரும். பள்ளிக்கூடத்தில் படித்த ஓமின் விதிதான். பலரும் சறுக்குவது பற்றரி வோல்ட்டில். 18650 இன் உறையில் 3.7 என்று இருக்கும், ஆனால் முழுக்கச் சார்ஜ் ஏறியவுடன் அது 4.2. கணக்கை எப்போதும் 4.2 இல் போடுங்கள்.

சிவப்பு எல்ஈடி 1 அம்பியரில் ஏறத்தாழ 2.2 வோல்ட் எடுக்கும். 4.2 இலிருந்து 2.2 போனால் 2, அதை 1 ஆல் பிரித்தால் 2 ஓம். கடையில் 2.2 ஓம் சுலபமாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள். 0.9 அம்பியர் போகும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த ரெசிஸ்டருக்குள் ஏறத்தாழ 2 வாட் சூடாகிறது. ஆகவே கால் வாட் ரெசிஸ்டர் புகைந்துவிடும், வெள்ளைச் சீமெந்துக் கட்டி மாதிரி இருக்கும் 5 வாட் ரெசிஸ்டர் வேண்டும்.

நீலம், பச்சை, வெள்ளை மூன்றும் 3.3 வோல்ட் பக்கத்தில் நிற்கும். 4.2 இல் 3.3 போனால் 0.9 மிச்சம், 1 ஓம் 2 வாட் போதும். ஆனால் பற்றரி 3.7 க்கு இறங்கும்போது மிச்சம் வெறும் 0.4 வோல்ட்தான், கறண்ட் பாதிக்குக் கிட்ட விழுந்துவிடும். நீல வாள் பாதி வழியில் மங்குவதன் காரணம் இதுதான்.

நீலத்துக்கு ரெசிஸ்டரே தேவையில்லையாமே, நேராக் குடுக்கலாமாமே?

கொடுத்துப் பார்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள். பழைய செல்லிலும் மெல்லிய வயரிலும் தப்பிவிடும், அவற்றின் சொந்தத் தடையே ரெசிஸ்டர் வேலையைச் செய்வதால். அதே சுற்றுக்குள் புதிய, நல்ல செல்லைப் போடுகிற நாளில் எல்ஈடி போய்விடும். எல்ஈடியில் வோல்ட் சற்றே ஏறினாலும் கறண்ட் பாய்ந்து ஏறும். சூடேறினால் அதே வோல்ட்டுக்கு இன்னும் கூடுதலான கறண்டை எடுக்கும், எடுத்தால் இன்னும் சூடேறும். ஒரு சில்லறைச் சாமானை மிச்சம் பிடிக்க இதைச் செய்யாதீர்கள்.

அப்ப 'டிரைவர்' போட்டா சரியாயிடுமா?

பற்றரி இறங்க இறங்க வெளிச்சம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால், கறண்டை ஒரே அளவில் வைத்திருக்கும் சின்னச் சுற்றான டிரைவர்தான் வழி. டோர்ச் லைட்டுகளில் வரும் ஏஎம்சி7135 என்ற சிப் ஒவ்வொன்றும் 350 மில்லியம்பியர் தரும். மூன்றைச் சேர்த்த வட்டத்தட்டு 1.05 அம்பியர். சிப் தனக்கென எடுப்பது 0.12 வோல்ட் அளவுதான். ஆகவே 3.3 வோல்ட் நீலத்துக்கு, பற்றரி ஏறத்தாழ 3.4 க்கு இறங்கும்வரை வெளிச்சம் அசையாது. மேலே சொன்ன நீலப் பிரச்சினைக்கு மலிவான மருந்து இது.

சிவப்புக்கு அதையே போட்டால் மிச்ச 2 வோல்ட்டும் அந்தச் சின்னச் சிப்புகளுக்குள் சூடாகும். டிரைவரோடு தொடராக 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் போட்டுச் சுமையைப் பங்கிடுங்கள். இரண்டு செல்லைத் தொடராகப் போட்டு 8.4 வோல்ட் வைத்திருப்பவர்கள் ஏஎம்சி7135 பக்கமே போகக்கூடாது, அது தாங்காது. அவர்களுக்கு நிலையான கறண்ட் தரும் பக் வகை டிரைவர் வேண்டும். மிச்ச வோல்ட்டை அது சூடாக எரிக்காமல் கறண்டாக மாற்றித் தரும்.

மூண்டு எல்ஈடியையும் ஒரே ரெசிஸ்டர்ல பரலலாப் போட்டன். ஒண்டு மட்டும் சூடாகுது.

ஒரே பெட்டியில் வந்த எல்ஈடிகளும் வோல்ட்டில் நூலளவு வித்தியாசப்படும். குறைந்த வோல்ட் எடுப்பது கூடுதலான கறண்டை இழுத்துக்கொள்ளும், பிறகு நடப்பது முன்பு சொன்ன சூட்டுச் சுழல்தான். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள்.

ஊதா நிறத்துக்கு ரோயல் புளூவையும் சிவப்பையும் கலக்கிறவர்களுக்கும் இதே விதி, அங்கே ஓம் மதிப்பும் வேறுவேறு. சிவப்பைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஊதா ரோசாவாகப் போய்விடும்.

9900 எண்டு போட்ட செல் இருக்கே, அது நல்லதுதானே?

இல்லை. 18650 அளவில் நல்ல கம்பனிகள் தருவது 2500 முதல் 3600 மில்லியம்பியர் மணி வரை. 9900 என்று அச்சடித்த உறைக்குள் என்ன இருக்கிறது என்பது உறை போட்டவருக்குத்தான் தெரியும். நிறுத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமுக்குக் கிட்ட வரும். அதற்குச் செட்டியார் தெரு நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறைத் தராசே போதும்.

கொள்ளளவைவிட முக்கியம், எத்தனை அம்பியர் தொடர்ந்து தரும் என்பது. சாம்சங் 25ஆர் 2500 தான், ஆனால் 20 அம்பியர் தரக்கூடியது. ஒற்றை எல்ஈடிக்கு அவ்வளவு தேவையில்லை, பழைய மடிக்கணினிப் பற்றரியிலிருந்து எடுத்த ஆரோக்கியமான செல்கூட 1 அம்பியரை இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டத் தரும். பிக்சலுக்குத்தான் இது உயிர்ப் பிரச்சினை. 9 வோல்ட் சதுரப் பற்றரி எதற்கும் வேண்டாம். உள்தடை கூடியது, 1 அம்பியர் கேட்டால் உடனே படுத்துவிடும்.

கனடாவில இருந்து மாமா வாறார். பற்றரி கொண்டுவரச் சொல்லலாமா?

சொல்லலாம், கைப்பொதியில் மட்டும். தனி லித்தியம் செல்லை, விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பொதியில் போட விடமாட்டார்கள். 100 வாட் மணிக்குள் இருந்தால் கைப்பொதியில் அனுமதி, ஒரு 18650 பத்து வாட் மணி அளவுதான். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். சாவிக்கொத்தோடு சேர்த்துப் பையில் போட்டால் முனைகள் ஒன்றோடொன்று பட்டுத் தீப்பிடிக்கும். பயணிகள் விமானத்தில் தனி லித்தியம் அயன் பற்றரிகளைச் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. வெளிநாட்டுக் கடைகள் தபாலில் அனுப்பத் தயங்குவதற்கும் இப்படியான விதிகள்தான் காரணம்.

வெசாக் கூட்டுக்கு வாங்கின ஸ்ட்ரிப் மிச்சம் கிடக்கு. அதைப் போடலாமா?

நாடாவில் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். 12 வோல்ட் என்று இருந்தால் ஒற்றைச் செல்லில் எரியாது. 12 வோல்ட்டில் ஓடும் பிக்சல் நாடாக்கள் பலவற்றில் மூன்று மூன்று எல்ஈடியாகத்தான் நிறம் மாறும், வாள் படிப்படியாக எழும்புவது முறிந்து முறிந்து தெரியும். தேடவேண்டியது டபிள்யூஎஸ்2812பி என்ற 5 வோல்ட் பிக்சல் நாடா, ஒரு மீட்டருக்கு 144 எல்ஈடி. 3.7 வோல்ட் செல்லிலேயே நேராக ஓடும்.

பிக்சலுக்கு எத்தனை அம்பியர் வேணும்?

85 செ.மீ. குழாய்க்குள் முதுகோடு முதுகாக இரண்டு நாடா போட்டால் மொத்தம் 244 பிக்சல் சுமார். ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லியம்பியர் வரை எடுக்கலாம், ஆகக் கூடியது 15 அம்பியருக்குக் கிட்ட. தனி நீலமோ தனிச் சிவப்போ என்றால் மூன்றிலொன்று, 5 அம்பியர் போல. ஆகவே 10 அம்பியராவது தொடர்ந்து தரக்கூடிய செல், தடித்த வயர், மென்பொருளில் வெள்ளையின் பிரகாசத்துக்கு ஒரு கட்டுப்பாடு. 2500 செல்லில் நீல வாள் அரை மணித்தியாலம் நின்றால் சந்தோசப்படுங்கள்.

வெள்ளை நிறம் நுனியில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் நாடாவின் மெல்லிய செம்பில் வோல்ட் குறைந்து, கூடுதலான வோல்ட் கேட்கும் நீலம் முதலில் விழுகிறது என்று அர்த்தம். நாடாவின் நுனிக்கும் தனி நேர், எதிர் வயர் கொண்டுபோய்ச் சேர்த்தால் தீரும்.

5 வோல்ட்டுக்கு ஏத்திற பூஸ்டர் போட்டா இன்னும் பிரகாசமா வராதா?

கொஞ்சம் வரும், விலை கூட. பிக்சலுக்குள் கறண்டைக் கட்டுப்படுத்தும் சிப் இருப்பதால் வோல்ட்டை ஏற்றிய அளவுக்கு வெளிச்சம் ஏறாது. 5 வோல்ட்டில் 8 அம்பியர் வேண்டுமென்றால் செல்லிடமிருந்து 11 அம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். இன்னொரு சிக்கல், போர்ட்டிலிருந்து பிக்சலுக்குக் கட்டளை போகும் தரவு வயரில் வரும். பிக்சல் தன் மின்வழங்கலின் 70 சதவீதத்தையாவது சிக்னலாக எதிர்பார்க்கும். 5 வோல்ட்டுக்கு அது 3.5, உங்கள் போர்ட் தருவதோ 3.3. நிறங்கள் பைத்தியம் பிடித்து ஆடும். செல்லில் நேராக ஓடவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

குழாயின்ர அடி மட்டும் எரியுது, மேல இருட்டு.

வெறும் எல்ஈடி 120 பாகை சுமாருக்கு வெளிச்சத்தை விசிறும், அதில் பெரும்பங்கு குழாயின் அடியிலேயே தீர்ந்துவிடும். 10 பாகைக்குள் குவிக்கும் லென்ஸ் ஒன்றைப் போடுங்கள். உள்ளே தெளிவான செலோஃபேன் தாளைச் சுருட்டிவிடுங்கள், பரிசுப்பொருள் சுற்றும் தாள்தான். நுனி மூடியின் உட்புறத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தாள் ஒட்டினால் மேலே போன வெளிச்சம் திரும்பி வரும்.

குழாய் பொலிகாபனேட்டாக இருக்கட்டும். அக்ரிலிக் அடிபட்டால் சிதறும். எரிந்துபோன டியூப் லைட்டைக் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம், அது கண்ணாடி, உள்ளே பாதரசம்.

பிடி சூடாகுது. பிழையா?

சூடாவது நல்லது, சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். 1 அம்பியரில் ஓடும் நீல எல்ஈடியின் 3.3 வாட்டில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகிறது. எல்ஈடி தட்டுக்கும் அலுமினியக் கட்டைக்கும் நடுவே மெல்லிதாக வெப்பப் பசை, அந்தக் கட்டை பிடியின் உட்சுவரை இறுக்கமாகத் தொட வேண்டும். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் அலுமினியக் கம்பித் துண்டு கேட்டுப் பாருங்கள், பட்டறையில் கொடுத்துக் கடைந்துகொள்ளலாம். பிவிசி பிடிக்குள் சூடு போக வழியில்லை. பிடி குளிர்ந்தே இருக்கும், உள்ளே எல்ஈடி வெந்துகொண்டிருக்கும். பிவிசிதான் என்றால் 500 மில்லியம்பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொழும்பில் அறைச் சூடே 30 பாகை, குளிர்நாட்டுக்காரர் வீடியோவில் காட்டும் கணக்கு இங்கே அப்படியே செல்லாது.

தம்பி, மகன் இதைச் சார்ஜில போட்டிட்டு அப்படியே நித்திரை கொள்ளுறான். பயமில்லையோ?

பயப்படுவது சரிதான் அம்மா. செல்லைக் கழற்றித் தனிச் சார்ஜரில், தரையிலோ மேசையிலோ, ஆள் விழித்திருக்கும்போது போடச் சொல்லுங்கள். மெத்தையில் வேண்டாம். நல்ல சார்ஜர் 4.2 வோல்ட்டில் தானாக நிறுத்தும். உறை கிழிந்த செல்லையும் வீங்கிய பற்றரியையும் பார்த்தால் எடுத்துவிடுங்கள்.

பிடிக்குள்ளேயே சார்ஜ் வேண்டுமென்கிறவர்கள் டிபி4056 என்ற சார்ஜ் தட்டில் பாதுகாப்புச் சுற்று சேர்ந்ததை வாங்குங்கள், வெளியே போகத் தனி முனைகள் இருக்கும். சார்ஜ் ஏறும்போது வாளைக் கொளுத்தாதீர்கள். அந்தச் சின்னப் பாதுகாப்புச் சுற்று ஒற்றை எல்ஈடிக்குக் காணும், பிக்சலின் கறண்டை அதனூடாக விட்டால் அணைத்துவிடும்.

சுவிச் உருகிப் போச்சு.

சின்ன அழுத்து சுவிச் பெரும்பாலும் 50 மில்லியம்பியருக்குச் செய்தது. அதனூடாக 1 அம்பியர் விட்டால் உருகாமல் என்ன செய்யும்? அம்பியர் தாங்கும் சுவிச் போடுங்கள், அல்லது சுவிச் ஒரு மொஸ்ஃபெட்டை (பெரிய கறண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) திறக்க, மொஸ்ஃபெட் எல்ஈடியைத் திறக்கட்டும். மொஸ்ஃபெட் கேட்கும்போது 'லொஜிக் லெவல்', அதாவது குறைந்த வோல்ட்டிலேயே முழுக்கத் திறப்பது, என்று சொல்லிக் கேளுங்கள். கையில் இருப்பதென்று ஐஆர்எஃப்540 தருவார்கள். அது முழுக்கத் திறக்க 10 வோல்ட் வேண்டும், 3.7 இல் அரைகுறையாகத் திறந்து தானே சூடாகும்.

எல்லாம் சரி. ஆனா அடிச்சுச் சத்தம் வரேக்க வெளிச்சம் ஒரு கணம் மங்குது, சிலநேரம் போர்ட் ரீசெட் ஆகுது.

ஸ்பீக்கரும் எல்ஈடியும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது போர்ட்டுக்குப் போகும் வோல்ட் சரிகிறது. குற்றவாளி செல்லா, செல்லிலிருந்து போர்ட்டுக்குப் போகும் வழியா என்று பிரித்துப் பார்க்க மல்டிமீட்டர் போதும். வாள் முழுப் பிரகாசத்தில் எரியும்போது செல்லின் இரு முனையிலும் நேராக அளந்து பாருங்கள், பிறகு போர்ட்டின் மின்முனையில் அளந்து பாருங்கள். செல்லிலேயே 3.4 க்குக் கீழே விழுந்தால் செல் பலவீனம், 9900 கேள்விக்குத் திரும்பிப் போங்கள். செல்லில் 3.9, போர்ட்டில் 3.5 என்று வந்தால் செல் நல்லது, நடுவில் 0.4 வோல்ட் தொலைகிறது.

அந்த 0.4 பெரும்பாலும் பற்றரிப் பெட்டியின் ஸ்பிரிங்கில் இருக்கும். இரும்பு ஸ்பிரிங்குக்குத் தடை கூட, கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு அதில் துருவும் சேரும். ஸ்பிரிங்கின் அடியிலிருந்து உச்சிவரை ஒரு துண்டுச் செம்பு வயரைச் சோல்டர் பிடித்துவிடுங்கள், ஸ்பிரிங் சுருங்க இடம் விட்டுத் தளர்வாக. பிறகு திரும்ப அளந்து பாருங்கள். இன்னும் 0.2 க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடுத்தது சுவிச், அதற்கடுத்தது வயர்.